கூட்டம் இருக்கும்போதே போங்கள்: புதுச்சேரியில் துண்டு பீட்சா

நேற்று ராத்திரிதான் நெய்வேலி திரும்பினேன். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு முழுக்க நேரு வீதிப் பக்கம் சாப்பிட்ட பீட்சாதான் நிற்கிறது. பஸ் கதையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போய்விடுகிறேன்.

அக்கா பையனுக்குக் காலேஜ் திறக்கிறது. துணி வாங்க வேண்டும், கையில் பணம் அதிகமில்லை. அதற்குப் பாண்டி சண்டே மார்க்கெட்டை விட்டால் எங்கள் பக்கத்தில் வேறு இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்க நடைபாதையில் துணியாகக் குவிந்திருக்கும். வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் வந்து, அங்கிருந்து பாண்டி பஸ். கடலூர் வரை குறையே இல்லை.

கடலூரில் ஏறிய தனியார் பஸ்தான் கொடுமை. "பாண்டி பாண்டி, எங்கயும் நிக்காது, ஏறு ஏறு" என்று கத்தித்தான் கண்டக்டர் ஏற்றினார். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் நின்றது. புதுச்சேரி எல்லையில் மதுக்கடைகள் இருக்கும் முள்ளோடையில் நின்றது. அங்கே இறங்குகிறவர்கள் எதற்கு இறங்குகிறார்கள் என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஞாயிறு வேறு. கன்னியகோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒரு ஊரையும் விடவில்லை. நிற்காது என்று சொன்னீர்களே என்று கேட்டால், "ஆளு இறங்கணும்னா நிறுத்தாம என்ன பண்றது?" என்கிறார். ஆள் இறங்கட்டும், நிறுத்தட்டும். அப்படியானால் பொய் சொல்லி ஏற்றக் கூடாது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்கவில்லை. அவசரம் இல்லையென்றால் அரசு பஸ்ஸுக்குக் காத்திருங்கள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர் நேரு வீதிக்கு நூற்றைம்பது கேட்டார். அந்தத் தூரத்துக்கு அது பகல் கொள்ளை. நடந்தே போனோம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மார்க்கெட்டில் இரண்டு சட்டை, மூன்று டிஷர்ட், ஒரு பேண்ட் வாங்கினோம். பேரம் பேசத் தெரிந்தவர்கள் பேசுங்கள், குறைப்பார்கள். அவ்வளவுதான் மார்க்கெட் கதை.

இப்போது பீட்சா.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. "சித்தி, பசிக்குது, பீட்சா சாப்பிடலாமா?" என்றான் கூட வந்த அக்கா பையன். எனக்குப் பகீரென்றது. இரண்டு பேர் போய் உட்கார்ந்தால் எட்டு நூறு, ஆயிரம் என்று பில் வரும், துணிக்கு வைத்திருந்த மிச்சம் போய்விடும். "இங்க துண்டா விக்கிறாங்களாம் சித்தி, ஃப்ரெண்டு சொன்னான்" என்று நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனான். எட்டடி அகலம்கூட இல்லாத கடை. நாற்காலி கிடையாது. சுவரோரம் மார்பு உயரத்துக்கு ஒரு பலகை, அதில் வைத்து நின்றபடி சாப்பிட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய வட்டமாக நாலு பீட்சா, வெட்டித் தயாராக இருந்தது. வாசலைத் தாண்டித் தெரு வரை வரிசை.

வரிசையைப் பார்த்ததும் வேறு கடை பார்க்கலாம் என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். எங்கள் கண்ணெதிரே இரண்டு குடும்பம் அப்படிப் போனது. இந்த மாதிரிக் கடையில் அது தலைகீழ்க் கணக்கு என்று வரிசையில் நின்ற நேரத்திலேயே புரிந்துவிட்டது.

எங்களுக்கு முன்னால் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவர் கல்லாவில் இருந்த அக்காவிடம் சண்டைக்கு நின்றார். ஏற்கெனவே சுட்டு வைத்ததைத் தருகிறீர்களே, எனக்குப் புதிதாகப் போட்டுக் கொடுங்கள் என்பது அவர் வாதம். அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கோபமே படாமல் சொன்னார்: "சார், துண்டுன்னா இப்படித்தான். முழுசா சுட்டு வெட்டி வெச்சிருப்போம். நீங்க கேட்டதும் மறுபடி அடுப்புல விட்டு எடுத்துத் தருவோம். இந்த வட்டம் வந்து கால் மணி நேரம்கூட ஆகல."

அக்கா சொன்னதில் விஷயமெல்லாம் அடங்கிவிட்டது. சுட்டு வைத்த துண்டை ஓவனின் சூடான கல் மேல் நேரே வைத்து இரண்டு நிமிஷம் விட்டால் அடிப்பாகத்து ஈரம் போய்விடும். ஆறிய தோசையைத் திரும்பக் கல்லில் போட்டு எடுத்தால் முறுகுமே, அதே கதைதான். மைக்ரோவேவில் வைத்துக் கொடுக்கும் கடைகளில் ரப்பராக இழுப்பதற்குக் காரணமும் இதுதான், அடிப்பாகத்தைக் காய வைக்கச் சூடான கல் அங்கே இல்லை. கல்லில் சுட்டாலும் ஒரு தடவைதான் தாங்கும். காலையில் போட்டது மாலை வரை பெட்டிக்குள் கிடந்து காய்ந்திருந்தால் எந்த அடுப்பும் அதைக் காப்பாற்றாது. கூட்டம் இருந்தால் வட்டம் வந்ததும் தீர்ந்துவிடும், அடுத்தது இறங்கும். நமக்குக் கிடைப்பது எப்போதும் புதுசு.

நியூயார்க்கில் இது பெரிய சங்கதி என்று படித்திருக்கிறேன். அங்கே 1905இல் தொடங்கிய லொம்பார்டி போன்ற பழைய கடைகளில் கரி அடுப்பு, முழு பீட்சாதான் பேச்சு. கேஸ் ஓவன் வந்து, துண்டைத் திரும்பச் சூடாக்குவது சுலபமான பிறகுதான் தெருவுக்குத் தெரு துண்டுக் கடை பெருகியது. ஒரு துண்டின் விலையும் சப்வே ரயில் கட்டணமும் கைகோத்து ஏறுகின்றன என்று 1980இலேயே ஒருவர் கண்டு சொல்லியிருக்கிறார். ரயில் டிக்கெட் வாங்கும் காசில் வேலைக்குப் போகிறவன் நின்றபடி சாப்பிட்டுவிட்டு ஓடும் சாப்பாடு அது. ரோமில் இன்னொரு வகை. நீள்சதுரத் தட்டில் சுட்டு, கேட்ட அளவைக் கத்தரியால் வெட்டி, எடை போட்டு விற்பார்கள். எங்கே போனாலும் அடிப்படை ஒன்றுதான்: தனியாக வருகிறவனுக்கு, கொஞ்சம் காசோடு வருகிறவனுக்கு, உடனே சாப்பாடு. நம் ஊரில் பீட்சா என்றால் பிறந்தநாள் பார்ட்டி, ஏசி, நாலு பேர் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். இந்தக் கடையில் அது இல்லை. எனக்கு இதைப் பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

போர்டில் விலை தெளிவாக இருந்தது. சாதா சீஸ் 90, பனீர் 110, சிக்கன் 130. 18 அங்குல வட்டத்தை எட்டாக வெட்டுகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். இவன் வரிசையில் நின்றபடியே போனில் கணக்குப் போட்டான். ஒரு துண்டு கிட்டத்தட்ட 32 சதுர அங்குலம். 7 அங்குல விட்டத்தில் ஒருத்தருக்கு என்று விற்கும் சின்ன முழு பீட்சா 38 சதுர அங்குலம். ஆறில் ஐந்து பங்கு இங்கே ஒரே துண்டில் வந்துவிடுகிறது. துண்டு என்ற பெயரைக் கேட்டு ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

பின்னால் நின்ற காலேஜ் பெண்கள் நாலு பேர், இரண்டு துண்டு வாங்கிக் குறுக்கே வெட்டித் தரச் சொன்னார்கள். முகம் சுளிக்காமல் வெட்டித் தந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் காக்கிச் சட்டையோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், அவளுக்கு மட்டும் ஒரு சாதா சீஸ். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், "வெங்காயம் பூண்டு இல்லாம ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். "ஐயா, சாஸ்லயே பூண்டு இருக்கு. உங்களுக்கு ஆகாது" என்று அக்கா உடனே சொல்லிவிட்டார். பூண்டு இல்லை என்று தலையாட்டி 90 ரூபாயைக் கல்லாவில் போட்டிருக்கலாம், பெரியவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. இந்த நேர்மைக்காகவே நான் திரும்பப் போவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கடுமையான கோபம். எங்கள் முறை நெருங்கும்போது புது வட்டம் ஒன்று அடுப்பிலிருந்து இறங்கியது. ஆவி பறக்கிறது, சீஸ் இன்னும் கொதிக்கிறது. வெயிலில் நின்ற எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே மொத்தத்தையும் டப்பாவில் அடுக்கி, ஓரத்தில் ஹெல்மெட்டோடு நின்ற டெலிவரிப் பையன்களிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வட்டம் வர இன்னும் பத்து நிமிஷம். "அக்கா, நாங்க இவ்வளவு நேரமா நிக்கிறோமே" என்று கேட்டேன். "என்னம்மா பண்றது, லேட்டானா ரேட்டிங்கைக் குறைச்சிடுறாங்க" என்றார். அவர் கஷ்டம் புரிகிறது. அந்தப் பையன்கள் மேலும் தப்பில்லை, ஓடினால்தான் அவர்களுக்குக் காசு. ஆனாலும் இது நியாயமில்லை. டப்பாவுக்குள் போகும் துண்டு ஐந்து நிமிஷத்தில் தன் ஆவியிலேயே நனைந்து தொய்ந்துவிடும். சூடான துண்டின் அருமை நின்று சாப்பிடுகிறவனுக்குத்தான். வீட்டில் உட்கார்ந்து ஆர்டர் போட்டவருக்கு நல்லது போய், வாசலில் நிற்பவருக்குக் காத்திருப்பு மிஞ்சுவது எந்த ஊர் வழக்கம்? பார்சலுக்குத் தனி வட்டம் போடட்டும். வரிசைக்கு என்று இறங்கியதை வரிசைக்கே கொடுக்கட்டும்.

அந்தக் கோபமெல்லாம் முதல் கடியோடு ஆறியது என்று சொல்ல மாட்டேன், கோபம் இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டு! நான் சாதா சீஸ், இவன் சிக்கன். நுனி மெல்லிசு, நடுவில் மடித்தால் உடையாமல் மடிகிறது, ஓரம் கடித்தால் மொறுமொறு, உள்ளே மட்டும் மிருது. தக்காளி சாஸில் சர்க்கரை கொட்டவில்லை, புளிப்பு புளிப்பாகவே இருந்தது. சீஸையும் அளவாகப் போட்டிருந்தார்கள். மூடி போடுவது போல் கொட்டி அடியை ஊற வைக்கும் வேலை இல்லை. மேலே தூவச் சில்லி ஃப்ளேக்ஸ், ஆரிகனோ டப்பாவில் இருக்கிறது, காசு கிடையாது. நாக்கைச் சுட்டுக்கொண்டே சாப்பிட்டோம். பிறகு ஒரு பனீர் வாங்கிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். இவன் மூன்றாவதும் சாப்பிடத் தயார், நான்தான் தடுத்தேன். மொத்தம் 330 ரூபாய். போர்டில் என்ன போட்டிருந்ததோ அதுதான் பில்லில், மேலே ஒரு ரூபாய் இல்லை. வயிறு நிறைந்தது.

அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தோம். பெரிய வாய்க்காலைத் தாண்டினால் ஒயிட் டவுன், வீதியும் மாறும் விலையும் மாறும். மஞ்சள் சுவர், காகிதப்பூ எல்லாம் பார்க்க அழகு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் தாங்காமல் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். ஐஸ் போட்ட காபி ஒன்று 180. பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று 36 ரூபாய் சேர்த்திருந்தார்கள். எடுக்கச் சொன்னேன். எல்லாரும் கொடுக்கிறார்கள் மேடம் என்றார் அந்தப் பையன். கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டும் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. இதைச் சொன்னதும் உள்ளே போய் வேறு பில் கொண்டுவந்தார்கள். ஜிஎஸ்டியோடு 378. கூச்சப்படாமல் கேளுங்கள், அது நம் பணம்.

நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது, வீட்டில் அக்கா ருசி பார்க்கட்டும் என்று ஒரு சாதா சீஸ் வாங்க அதே கடைக்குப் போனோம். வரிசையே இல்லை. பெட்டிக்குள் ஒரே வட்டம், அதில் மூன்று துண்டு மிச்சம். சீஸ் மேல் எண்ணெய் உறைந்து, ஓரம் வெளிறிக் கிடந்தது. சூடாக்கிக் கொடுத்ததை வாசலிலேயே ஒரு ஓரம் பிய்த்துப் பார்த்தேன். வறட்டு ரொட்டி. மத்தியானம் சாப்பிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கல்லாவில் இருந்த அக்காவிடமே சொன்னேன். அவரும் மழுப்பவில்லை. "மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் வியாபாரம் மந்தம்மா, அப்ப புதுசு போட்டா வீணாப்போகும். ஆறரைக்கு மேல வாங்க, இல்ல ஒரு மணிக்கு வாங்க" என்றார். அந்தத் துண்டு நெய்வேலி வந்து சேரும்போது அட்டையாகிவிட்டது. என் அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு ஆட்டம்?" என்றாள்.

அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மத்தியானம் ஒரு மணிக்கோ, ஆறரைக்கு மேலோ போங்கள். பார்சல் வாங்காதீர்கள். சில்லறை வேண்டாம், ஜிபே இருக்கிறது. கை கழுவும் குழாய் கடைக்கு வெளியே வலதுபுறம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போனால் உட்கார இடம் கிடையாது, அதை யோசித்துக்கொள்ளுங்கள். நாலு துண்டும் சேர்த்து எங்களுக்கு 420 ஆனது. ஒயிட் டவுனில் இரண்டு காபிக்குக் கொடுத்த 378ஐ நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.