லைற்றுக்குக் கீழே செவ்வந்தி

ஓகஸ்ட் 30

செவ்வந்தியில் மொட்டில்லை. பக்கத்து வீட்டுக் கண்டுகளில் மிளகளவில் மொட்டுக் கட்டிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே மண், ஒரே மழை. அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பி நட்டது.

செப்டம்பர் 5

பின்னேரம் வாசற்படியில் குந்தியிருந்து கண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தூணின் நிழல் விழுகிற பக்கத்தில் ஒரு கொப்பில் மட்டும் ஏழு மொட்டு. லைற் படுகிற பக்கம் முழுக்க இலைதான், கரும்பச்சையாய்க் கொழுத்துப்போய்.

அப்போதுதான் விளங்கியது. செவ்வந்தி எண்ணுவது இருட்டை. இரவு நீண்டால்தான் மொட்டுக் கட்டும். நடுச்சாமத்தில் வெளிச்சம் பட்டால் அதற்கு இன்னும் கோடைதான். ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இரவிரவாகப் பல்ப் எரியவிட்டுப் பூவைப் பிந்தப் பண்ணுவார்கள், விலை நல்லாயிருக்கிற நாளில் பறிக்க. நாங்கள் தெரியாமல் அதையே செய்திருக்கிறோம். ஆடியிலிருந்து ஓர் இரவுகூட வாசல் லைற் நிற்கவில்லை.

செப்டம்பர் 6

"லைற்றை நிப்பாட்டட்டே அம்மா? படுக்கிற நேரம் மட்டும்."

"அவன் இருட்டுக்க வந்து படியில தடக்கி விழுறதே?"

அதற்குப் பிறகு நான் கதைக்கவில்லை.

செப்டம்பர் 7

தம்பியிடமிருந்து ஃபோன் இல்லை.

செப்டம்பர் 8

பெட்டி! ஏன் இவ்வளவு நாளும் தோன்றவில்லை? கண்ணாடி வீட்டில் பூ வளர்க்கிறவர்கள் கறுத்தத் துணியால் மூடி இரவை உண்டாக்குகிறார்கள். ரீவி வந்த பெட்டி கராஜில் கிடந்தது. உள்ளே கறுத்தக் குப்பைப் பை ஒட்டினேன். பின்னேரம் ஆறரைக்குக் கவிழ்த்துக் காலமை எட்டுக்கு எடுத்தால் பதின்மூன்றரை மணித்தியாலம் இருட்டு. லைற் எரிகிறபடி எரியட்டும்.

செப்டம்பர் 14

ரொறன்ரோவின் றூஜ் ஆற்றுப் பக்கம் நடந்தேன். ஊதா ஆஸ்டரும் மஞ்சள் கோல்டன்றொட்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, யாரும் நடாத தோட்டம். ஆஸ்டர் ஒவ்வொன்றிலும் மொனார்க் வண்ணத்துப்பூச்சி. இந்தத் தேனைக் குடித்துவிட்டுத்தான் மெக்சிக்கோ மலைக்காடு வரைக்கும் பறக்கப் போகின்றன, மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேலே. என் டேலியாப் பூச்செடியின் ஊரும் மெக்சிக்கோதான். பூச்சி அங்கே போகிறது, கிழங்கு இங்கே என்னோடு நிற்கிறது. ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தேன். இன்றைக்கு நல்ல நாள்.

செப்டம்பர் 19

வேலையால் வர எட்டரை. பெட்டி மூடவில்லையே என்று சப்பாத்தோடு ஓடினேன். கவிழ்த்துக் கிடந்தது. காற்றுக்குப் பறக்காமல் மேலே அம்மிக் குழவி. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 24

வேலியோரம் கொல்ச்சிக்கம் வந்துவிட்டது. இலை ஒன்றும் இல்லை, மண்ணிலிருந்து நேரே பூ, இளம் ஊதா. இலை இனி வசந்தத்தில்தான். அம்மாவுக்கு முகம் சரியில்லை. "இலையில்லாமல் என்ன பூ, பாக்கப் பயமாக் கிடக்கு" என்றா.

இதுவும் கார்த்திகைப்பூவும் ஒரே குடும்பம் என்று சொன்னேன். இரண்டின் கிழங்கிலும் ஒரே நஞ்சு, கொல்சிசின். 1820இல் இந்தச் செடியிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். அம்மாவின் கால் பெருவிரல் வீங்கியபோது டொக்டர் தந்த குளிசையும் அதுதான். அணில்கூட இந்தக் கிழங்கைத் தோண்டாது.

அம்மா கேட்டுக்கொண்டு நின்றா. பிறகு மெல்ல, "கார்த்திகைப்பூ எங்கட வளவு வேலியில படர்ந்து கிடக்கும். அவனுக்கு அப்ப மூண்டு வயது. தொடாதை, தொடாதை எண்டு பின்னால ஓடுவன்" என்றா.

செப்டம்பர் 29

மொட்டு. கடுகளவு. லைற் படுகிற பக்கத்தில்!

செப்டம்பர் 30

எண்ணினேன். முப்பத்தொன்று.

ஒக்டோபர் 11

என்ன நிறமென்று எனக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம். போன தேங்ஸ்கிவிங்குக்குப் பலசரக்குக் கடை வாசலில் தம்பி வாங்கி வந்தது. மேசையில் இரண்டு கிழமை இருந்தது. நான் குருதிச்சிவப்பு என்கிறேன். அம்மா மஞ்சள் என்று சத்தியம் பண்ணுகிறா. போனில் அந்த நாள் படங்களைத் தேடினேன். எல்லாப் படத்திலும் அவன் முகம் இருக்கிறது, பூ இல்லை.

ஒக்டோபர் 12

அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "உன்ர செவ்வந்தி என்ன நிறம்?" அவ்வளவுதான். வேறொன்றும் எழுதவில்லை.

ஒக்டோபர் 15

பார்த்திருக்கிறான். பதில் இல்லை.

ஒக்டோபர் 23

இரவு சைபருக்குக் கீழே போய்விட்டது. டேலியா முழுக்கக் கறுத்து, வெந்த கீரை மாதிரித் தொங்குகிறது. நேற்றுப் பின்னேரம் சாப்பாட்டுக் கோப்பை அளவில் பதினொரு பூ நின்றது. வெட்டி உள்ளே கொண்டுவந்திருக்கலாம். "நாளைக்கு வெட்டலாம்" என்று நான்தான் சொன்னேன். சீடம் பூ மட்டும் அசையவில்லை. ஓகஸ்டில் இளஞ்சிவப்பாய் இருந்தது இப்போது செங்கல் நிறம், இன்னும் வடிவு.

செவ்வந்திக்கு ஒன்றுமில்லை. பெட்டி காப்பாற்றியிருக்கிறது.

ஒக்டோபர் 31

டேலியாக் கிழங்கு கிண்டினேன். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, தோட்ட முள்ளுக்கரண்டியால் தள்ளி நின்று கிளப்பவேண்டும். கழுத்து முறிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது, முளை கழுத்தில்தான் இருக்கிறது. போன வருடம் அவன் கிண்டினான், நான் மண் தட்டினேன். இந்த முறை மூன்று முறிந்துவிட்டது. மிச்சத்தை மரத்தூளுக்குள் போட்டு பேஸ்மன்ட் குளிர் அறையில் வைத்தேன்.

கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

நவம்பர் 2

நேரம் மாற்றிவிட்டார்கள். ஐந்துக்கே இருட்டு.

ஒரு மொட்டில் நுனி பிரிந்திருக்கிறது. டோர்ச் பிடித்துப் பார்த்தேன். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. செம்பு. நிறம் காட்டினால் இனிப் பெட்டி தேவையில்லை, சொன்னேன். அம்மா கேட்கவில்லை. கவிழ்த்து, குழவியை வைத்து, லைற்றைப் போட்டுவிட்டு வந்தா.

படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

நவம்பர் 4

தட்டச்சுப் பண்ணுகிறான் என்று காட்டியது. பிறகு நின்றுவிட்டது.