மேக்ரோ காம்ப்ரிஹென்சிவ்: இரண்டாவது தடவை எழுதித் தேறிய அனுபவம்

மேக்ரோ பொருளாதாரம் முழுவதையும் சோதிக்கும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வின் முடிவு போன வியாழக்கிழமை வந்தது. தேறிவிட்டேன். மின்னஞ்சலைத் திறந்தபோது கோலாலம்பூரின் செந்தூல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். ரயில் வந்து போய்விட்டது, நான் ஏறவில்லை. அத்தாவுக்குப் போன் போட்டேன். கடையில் கூட்டம். "அல்ஹம்துலில்லாஹ். ராத்திரி பேசுவோம்மா" என்று மட்டும் சொன்னார். குரல் உடைந்தது எனக்குக் கேட்டது.

போன வருடம் இதே தேர்வில் விழுந்தேன். எனக்கு இருந்தது இரண்டு வாய்ப்புதான், அதில் ஒன்று போய்விட்டது. ஏன் விழுந்தேன் என்று யாரும் சொல்லவில்லை. விடைத்தாளைப் பார்க்கக் கேட்டும் பல வாரம் பதில் இல்லை. கடைசியில் ஒருவழியாகப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்த ஒரு காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி, பொருளாதார அறிஞர் டோர்ன்புஷின் 1976 மாடல். சிறிய திறந்த பொருளாதாரம், பண அளிப்பு நிரந்தரமாகக் கூடுகிறது, விலைகள் உடனே நகராது, நாணய மாற்று விகிதம் என்ன ஆகும்? வருடக்கணக்காகப் படித்த விஷயம். கூடுதல் பணம், அதனால் உள்நாட்டு வட்டி உலக வட்டிக்குக் கீழே இறங்குகிறது. அப்படியும் ஒருவர் வெள்ளியை (மலேசிய ரிங்கிட்டை) கையில் வைத்திருக்க வேண்டும் என்றால், வெள்ளி இனி ஏறும் என்று அவர் எதிர்பார்க்க வேண்டும். ஏற வேண்டும் என்றால் அது முதல் நாளே நீண்டகால நிலையைத் தாண்டி விழுந்திருக்க வேண்டும். இப்படித் தாண்டி விழுவதுதான் ஓவர்ஷூட்டிங், இவ்வளவுதான். வாயால் சொன்னால் சரியாகச் சொல்வேன். தாளில் நான் வரைந்தது தலைகீழ்.

காரணம், விகிதத்தை எந்தப் பக்கமிருந்து அளக்கிறேன் என்று நான் எழுதவே இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு டாலருக்கு எத்தனை வெள்ளி என்பதுதான் விகிதம். எண் கூடினால் நம் நாணயம் வலுவிழக்கிறது. ஆனால் தேர்வுக்கு முந்திய இரண்டு மாதமும் நான் வாசித்ததெல்லாம் பிஐஎஸ் (மத்திய வங்கிகளின் பன்னாட்டு வங்கி) வெளியிடும் பயனுறு விகிதக் குறியீட்டை, அதாவது பல நாட்டு நாணயங்களுக்கு எதிரே ஒரு நாணயத்தின் மதிப்பை ஒரே எண்ணில் காட்டும் குறியீட்டை, வைத்து எழுதிய கட்டுரைகள். அங்கே எண் கூடினால் நாணயம் வலுக்கிறது. உள்நாட்டு வட்டியையும் உலக வட்டியையும் இணைக்கும் வட்டிச் சமன்பாட்டைப் பாடப்புத்தக முறையில் எழுதிவிட்டு, பாதியில் எனக்கே தெரியாமல் குறியீட்டு முறைக்கு மாறிவிட்டேன். ஒரு கழித்தல் குறி மாறியது. ஏற்றுமதி பற்றிய அடுத்த பகுதியும் அதன் மேலேயே நின்றதால் அதுவும் போனது. மூன்று மணி நேரத் தாளில் ஒரு முழுக் கேள்வி அப்படியே போய்விட்டது.

அத்தா மஸ்ஜித் இந்தியா சாலையில் காசு மாற்றும் கடையில் வேலை பார்க்கிறார். விழுந்த பிறகு ஒரு மாதம் புத்தகத்தைத் தொடாமல் மத்தியான வேளைகளில் அவரோடு போய் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் விகிதப் பலகை. டாலர், பவுண்டு, சிங்கப்பூர் காசுக்கெல்லாம் ஒன்றுக்கு இவ்வளவு. இந்திய ரூபாய், தாய் பாட் போன்றவற்றுக்கு நூற்றுக்கு இவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள், வாங்குற விலை, விற்கிற விலை. புதிதாக வேலைக்கு வந்த தம்பிக்கு அத்தா சொல்லிக்கொடுத்ததைக் கேட்டேன்:

"மொதல்ல நீ எந்தப் பக்கம் நிக்கிறேன்னு முடிவு பண்ணு. வாங்குறதும் விக்கிறதும் நம்ம பக்கத்துலேர்ந்துதான், வர்றவங்க பக்கத்துலேர்ந்து இல்ல. பலகையில நம்பர் ஏறுனா நம்ம காசு இறங்குதுன்னு அர்த்தம்."

அன்று ராத்திரியே புது நோட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு விடையின் முதல் வரியும் இதுதான்: "விகிதம் என்பது ஒரு டாலருக்கு எத்தனை வெள்ளி, கூடினால் வெள்ளி வலுவிழக்கிறது." கேள்வி நாணய மாற்றைப் பற்றியதே இல்லை என்றாலும் எழுதினேன். பணவீக்கத்தையும் உற்பத்தியையும் பார்த்து மத்திய வங்கி வட்டியை நிர்ணயிக்கும் டெய்லர் விதியைப் பற்றிக் கேட்டாலும் எழுதினேன். தயவுசெய்து நீங்களும் எழுதுங்கள். பத்து நொடிதான் ஆகும்.

அப்புறம் எனக்குப் பலித்த மற்றவை:

- தனியாகப் படித்தேன். குழுவாக உட்கார்ந்தால் அடுத்தவர் வேகத்தைப் பார்த்து எனக்குப் பதற்றம் வந்துவிடும். உங்களுக்கு எப்படியோ.
- அதிகாலையில் சுபுஹ் தொழுதுவிட்டு ஒரே ஒரு மாடல். கையால், மூடிய புத்தகத்தோடு.
- பழைய கேள்வித்தாள்கள் போதும் என்று நம்ப வேண்டாம். இந்த முறை பாதிக்கு மேல் புதிது.
- சமன்பாட்டுக்கு முன் நான்கு வரி கதை: யார் என்ன வைத்திருக்கிறார், எது நகரும், எது நகராது.
- நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் நாணயக் கொள்கைக் குழு வட்டியை முடிவு செய்ய வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அறிக்கை வந்ததும் முந்தைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். எந்தச் சொல் போனது, எது புதிதாக வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கியில் ஆய்வுப் பொருளாதார நிபுணராக வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

மும்முனைச் சிக்கல் கேள்வி கட்டாயம் வரும். நிலையான விகிதம், சுதந்திரமான நாணயக் கொள்கை, தடையற்ற மூலதன ஓட்டம் மூன்றும் ஒருசேரக் கிடைக்காது என்று பொருளாதார அறிஞர்கள் முண்டெல், ஃபிளெமிங் பெயரைப் போட்டு எல்லோரும் எழுதுவார்கள். நான் நம் நாட்டையே எழுதினேன். ஆசிய நிதி நெருக்கடியில், 1998 ஜனவரியில், டாலர் 4.88 வெள்ளி வரை போனது. செப்டம்பர் 2 அன்று 3.80இல் கட்டினார்கள். வட்டியையும் குறைக்க வேண்டியிருந்தது, அதனால் மூன்றாவதான தடையற்ற மூலதன ஓட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள். பங்குச் சந்தைப் பணம் ஒரு வருடம் வெளியே போக முடியாது, பயணிகள் ஆளுக்கு 1000 வெள்ளிக்கு மேல் கொண்டுபோக முடியாது. 1999 ஜூலையில் 500, 1000 வெள்ளி நோட்டுகளே செல்லாமல் போயின. 2005 ஜூலை 21 வரை பலகையில் டாலர் வரியை மாற்ற வேலையே இருக்கவில்லை என்று அத்தா சொல்வார். நான் பிறந்ததே அந்த 1998இல்தான்.

அந்த நெருக்கடியில் பேங்க் நெகாராவின் இடைக்கால ஆளுநராக இருந்து, 2000 முதல் 2016 வரை ஆளுநராக இருந்த ஸெத்தி அக்தார் அஸீஸ், மூலதன ஓட்டமும் நாணயக் கொள்கையும் பற்றித்தான் பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம் செய்தார். மாடல் படித்த ஒருவர் அந்த மாடல் கேட்கும் கேள்விக்கே பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். விழுந்த வருடம் முழுக்க அதை நினைத்துத்தான் திரும்ப உட்கார்ந்தேன்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டது இது. 2024 முழுக்க ஓபிஆர் (பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி) 3.00 விழுக்காட்டிலேயே இருந்தது. பிப்ரவரியில் 4.80ஐ நெருங்கிய டாலர் செப்டம்பர் கடைசியில் 4.12 அளவுக்கு இறங்கிவிட்டது. உள்ளூர் வட்டி நகராதபோது வெள்ளி எப்படி ஏறியது?

எழுந்துபோய் வெண்பலகையில் என் வழக்கமான முதல் வரியை எழுதிவிட்டுத்தான் பேசினேன். சமன்பாட்டில் நம் வட்டி ஒரு பக்கம்தான். மறுபக்கத்தில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டின் வட்டி, அப்போது 5.25 முதல் 5.50 வரை. அது இறங்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு வலுக்க வலுக்க வெள்ளி ஏறியது. செப்டம்பர் 18இல் அரை விழுக்காடு குறைத்தார்கள். உடனே அடுத்த கேள்வி: "அப்படியென்றால் மிதக்கவிட்டும் நமக்குச் சுதந்திரம் இல்லையா?" பொருளாதார அறிஞர் எலென் ரே 2013இல் மத்திய வங்கியாளர்கள் கூடும் ஜாக்சன் ஹோல் மாநாட்டில் வைத்த வாதம் இதுதான்: மூலதன ஓட்டத்தைக் கையாளாதவரை, விகிதத்தை மிதக்கவிடுவது மட்டும் போதாது. நான் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன் என்றேன். ஓபிஆரை 2020 ஜூலையில் 1.75க்கு இறக்கவும் 2023 மே மாதம் 3.00இல் நிறுத்திக்கொள்ளவும் நம்மால் முடிந்ததே, ஃபெட் அதற்குப் பிறகும் ஏற்றியபோது நாம் கூடவே ஓடவில்லையே என்று வாதாடினேன். ஒருவர் தலையாட்டினார், ஒருவர் ஆட்டவில்லை. பரவாயில்லை, ஏதாவது ஒரு பக்கம் நின்று பேசுங்கள். நடுவில் நின்றால் கேள்வி நீண்டுகொண்டே போகும்.

வாய்மொழிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு:

- கடைசியாக வந்த ஓபிஆர் முடிவு நுனிநாக்கில் இருக்கட்டும்.
- அறையில் வெண்பலகை இல்லை என்றால் ஒரு தாளும் பேனாவும் கேளுங்கள். கொடுப்பார்கள்.