கொட்டேஷனின் கீழ்ப்பாதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்: தஞ்சாவூரில் கார் எடுத்த அனுபவம்

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறும் நேரம் எது என்று டெல்டாவில் இருக்கும் கார் ஷோரூம்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தை பிறந்தால் ஊர் ஊராகப் பந்தல் போட்டு வண்டியை நிறுத்திவிடுவார்கள். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போய் நாங்கள் கார் எடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைக் கையில் வாங்குவதற்குள் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்து வாங்கப் போகிறவர்களுக்காவது உதவட்டும்.

டெஸ்ட் டிரைவ், வங்கிக் கடன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. கொட்டேஷன் வந்ததும்தான் ஆரம்பித்தது.

நாங்கள் பார்த்து வைத்திருந்த வண்டி எக்ஸ் ஷோரூம், அதாவது ஆயுள் வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 9,80,000 ரூபாய். "அண்ணே, 40,000 தான் கூட. அடுத்த வேரியண்ட் எடுத்துக்கங்க, சன்ரூஃப் வந்துடும்" என்றார் சேல்ஸ் தம்பி. வித்தியாசம் 40,000 இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி (பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி) 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,80,000 என்றால் வரி 1,27,400. 10,20,000 என்றால் 1,83,600. அதோடு 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். ஆக அந்த 40,000 ரூபாய் சன்ரூஃப் ஒரு லட்சத்துக்கு மேல் இழுக்கிறது. நான் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

அடுத்து, "ரிஜிஸ்ட்ரேஷன் மற்றும் இதர" என்று ஒரே வரியில் ஒரு தொகை. பிரித்து எழுதித் தரச் சொன்னேன். தம்பி மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கடைசியில் பேனாவால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்கள்: அதில் 9,500 ரூபாய் ஹேண்ட்லிங் சார்ஜ். ஷோரூம் வரை வண்டியைக் கொண்டுவரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் எதற்கு இது? "எல்லா கஸ்டமரும் கட்டுறாங்க சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. இதற்குத் தனி ரசீது கொடுங்கள், என்ன சேவை என்று அதில் எழுதுங்கள் என்று கேட்டேன். அந்த வரி கொட்டேஷனிலிருந்து மறைந்துவிட்டது. நீங்களும் சண்டை போட வேண்டாம், ரசீதை மட்டும் கேளுங்கள்.

உண்மையான போராட்டம் இன்சூரன்ஸில். அவர்கள் போட்டிருந்தது 52,000. புது காருக்கு 3 வருஷத் தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். அந்தத் தொகை எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான், 1000 முதல் 1500 சிசி வரை 10,640 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதில் பேரம் கிடையாது. விளையாட்டு எல்லாம் ஓன் டேமேஜிலும் (நம் வண்டியின் சேதத்துக்கானது) ஆட்-ஆனிலும் (கூடுதல் காசுக்குச் சேர்ப்பவை)தான். என் பழைய காருக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கு ஓன் டேமேஜில் கிடைக்கும் தள்ளுபடி, இருந்தது. அது வண்டியோடு போவதில்லை, நம்மோடு வரும். ஆனால் இன்சூரன்ஸ் மேசையில் இருந்தவர், "புது வண்டிக்கு அதெல்லாம் செல்லாது" என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். வெளியில் எடுத்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஏற்கமாட்டார்கள் என்றும் சொன்னார். இரண்டுமே பொய். எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவரின் உரிமை.

இதில் ஒரு பேப்பர் சிக்கல் உண்டு. போனஸை மாற்ற, பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். அதற்குப் பழைய வண்டி விற்றதற்கான ஆதாரம் கேட்பார்கள். எங்களிடம் வாங்கியவர் ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். இங்கே ஷோரூமில், "முகூர்த்த நாள் போயிடும், எங்களுதையே போட்டுடுங்க" என்று நெருக்கினார்கள். முகூர்த்தம் போனால் போகட்டும் என்று அப்பா சொன்னது எனக்குப் பெரிய தெம்பு. பெயர் மாறி, கடிதம் வந்து, வெளியில் எடுத்த பாலிசி 33,000 சொச்சத்தில் முடிந்தது. பழைய வண்டியை முதலில் விற்றுப் பெயர் மாற்றிவிட்டுப் புதுசை புக் செய்யுங்கள். அந்தக் கடிதம் 3 வருஷம் செல்லும், அவசரமே இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காசு மிச்சம் என்று நம் பக்கத்துக்காரர்கள் என்ஜின் புரொடெக்‌ஷனை வெட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஊர்கள் நம்முடையவை. தண்ணீர் ஏறிய என்ஜினைச் சாதாரண பாலிசி பார்க்காது. சாவி தொலைந்தால் தருவது போன்ற ஆட்-ஆன்களை நான் வேண்டாம் என்று நீக்கிவிட்டேன், இதை வைத்துக்கொண்டேன்.

ஷோரூம்காரர்களுக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று பிறகு ஒரு டீலரிடம் கணக்கு எழுதும் சொந்தக்காரர் விளக்கினார். புது காரில் டீலருக்கு நிற்பது சில சதவீதம்தான். கம்பெனிக்கு முன்பணம் கட்டி எடுத்த வண்டி நிற்க நிற்க வட்டி ஏறும். இன்சூரன்ஸ் கமிஷன், கடன் பிடித்துக் கொடுப்பதற்கு வங்கி தரும் தொகை, சீட் கவர், கோட்டிங், சர்வீஸ், எக்ஸ்சேஞ்சில் வாங்கிய பழைய வண்டி ஆகியவற்றில்தான் லாபம். வியாபாரம் அது, லாபம் பார்க்கட்டும். பொய் சொல்லிப் பார்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வட்டி ஏறும் வண்டியை முதலில் தள்ளிவிடப் பார்ப்பார்கள் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. அதனால் டெலிவரிக்கு முன்னால் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் யார்டுக்கே போய்ப் பார்க்கிறேன் என்று நின்றேன். எங்களுக்கு ஒதுக்கியிருந்த வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில், வேப்பஞ்சருகு கொத்தாக அடைந்து கிடந்தது. டயரில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அது முந்தின வருஷத்து நடுவில் வந்த டயர், வண்டியும் போன வருஷத்ததுதான் என்று புரிந்தது. தை மாதம் வாங்கினாலும் ஆர்.சி.யில் போன வருஷ வண்டி என்றுதான் ஏறும், விற்கும்போது விலை அடிபடும். வேண்டாம் என்றேன். வேறு ஸ்டாக்கே இல்லை என்று காலையில் சொன்னவர்கள், சாயங்காலம் இந்த வருஷ வண்டி ஒன்றின் சேஸிஸ் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

அந்த நம்பர் இன்வாய்ஸில் ஏறி, டீலர் தரும் விற்பனைச் சான்றிதழான பார்ம் 21-ல் தயாரிப்பு மாதத்தையும் வருஷத்தையும் பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கட்டினேன். அதுவரை புக்கிங் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். முழுப் பணமும் போய்விட்டால் போனை எடுக்கவே ஆள் இருக்காது.