காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்குப் பெயிண்ட் பாதுகாப்பு: முள், தூசி, துணி

அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கத்து மண் பாதைகளில் ஒருமுறை ஓடிவந்த ஜீப் வகை வண்டி தார், ஜிம்னி, கூர்கா எதுவானாலும் சரி, மறுநாள் காலை வெயிலில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு வகைக் கோடுகள் தெரியும். முன் ஃபெண்டரில் தொடங்கிப் பின்கதவு வரை நீளமாக ஓடுபவை செடி இழுத்தவை. வெயில் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டவட்டமாகத் தெரிபவை துணி போட்டுத் துடைத்ததில் வந்தவை. எல்லோரும் முதல் வகைக்குப் பயந்துதான் செலவு செய்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஓடும் வண்டிகளில் பெயிண்டை மெல்லத் தேய்த்துத் தீர்ப்பது இரண்டாவது வகை. அதைத் தடுக்கப் பெரிய செலவும் இல்லை.

முதலில் எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்துகொள்வோம். தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு சுமார் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதன் மேல் பிரைமர் 30 முதல் 40, நிறம் 15 முதல் 20, கடைசியாக நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் 35 முதல் 50. எல்லாம் சேர்த்தே 100 முதல் 130 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான். பாலிஷ் போட்டு எடுக்கக்கூடிய கிளியர் கோட் முடியின் தடிமனைவிடக் குறைவு என்பதை நினைவில் வைத்தால், “கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கலாம்” என்ற பேச்சு எத்தனை முறைக்குச் செல்லும் என்று புரியும்.

இங்கே பாதையோரச் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி கீறுவதில்லை. உண்ணிச்செடியின் தண்டில் சிறிய, பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. அவை கிளியர் கோட்டில் மெல்லிய கோடு இழுக்கும், பெரும்பாலும் பாலிஷில் போய்விடும். இலந்தையில் ஜோடி முள்: ஒன்று நேர், ஒன்று கொக்கி. கொக்கி முள் மாட்டிக்கொண்டு கிளையையே இழுத்துவரும். சீமைக்கருவேலம்தான் மோசம். நேரான, கெட்டியான முள். காய்ந்த கிளையாக இருந்தால் வளைந்து கொடுக்காது, நிறத்தைத் தாண்டிப் பிரைமர் வரை போகும். பச்சைக் கிளையைவிடக் காய்ந்த கிளைக்கு அஞ்சுங்கள்.

அதனால் ஓட்டும் முறையே முதல் பாதுகாப்பு. கண்ணாடிகளை மடக்குங்கள். நடக்கும் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். மெதுவாகப் போனால் கிளை வளைந்து வழுக்கிக்கொண்டு போகும், வேகமாகப் போனால் சாட்டை மாதிரி அடிக்கும். முன்னால் ஒரு வண்டி போனால் அது விட்ட கிளை உங்கள் பானட்டில் வந்து அடிக்காத அளவுக்குத் தள்ளி வாருங்கள். காய்ந்த கிளை குறுக்கே கிடந்தால் இறங்கித் தோல் கையுறை போட்டு ஒதுக்கி வையுங்கள். வளர்ந்து நிற்கும் செடியை வெட்டாதீர்கள். இந்தப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு, 2022-இல் அறிவித்த காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களும் இங்கேதான் வருகின்றன. பொதுச் சாலையை விட்டு உள்ளே திரும்ப வனத்துறை அனுமதி வேண்டும்.

வண்டியின் அகலமும் கணக்கில் வரும். ஜிம்னி 1,645 மி.மீ., மூன்று கதவுத் தார் 1,820 மி.மீ. ஒற்றை மாட்டுவண்டித் தடத்தில் பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால், செடி உரசுவதா விலகுவதா என்பதையே அது முடிவுசெய்யும். முன்னால் புல் பார் என்ற கம்பிச் சட்டம் போட்டுச் செடியை ஒதுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது சட்டவிரோதம். நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

இனிப் பூச்சுக்கு வருவோம். செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான்தான் நிற்கும். தண்ணீர் ஒட்டாது, அழுக்குச் சீக்கிரம் போகும், பறவை எச்சம் உடனே ஊறாது. இந்த வேலைகளை நன்றாகவே செய்யும். கருவேல முள்ளை ஒன்றிரண்டு மைக்ரான் எப்படித் தடுக்கும்? “கீறலே விழாது” என்று விற்பவரை நம்பாதீர்கள்.

முள்ளுக்கு நிற்பது பி.பி.எஃப். என்ற பாதுகாப்பு ஃபிலிம் மட்டுமே. 150 முதல் 200 மைக்ரான், அதாவது மொத்தப் பெயிண்டைவிடத் தடிமன். டி.பி.யு. என்ற நீளும் பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிமாகக் கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. ஃபிலிம் நம் வெயிலில் மஞ்சளித்து, விறைத்து, உரிக்கும்போது துண்டுதுண்டாக வரும். கடையில் ஒரு சின்னத் துண்டைக் கையில் இழுத்துப் பாருங்கள். டி.பி.யு. ரப்பர் போல நீண்டு திரும்பும். “தானே ஆறிவிடும்” என்பது உண்மைதான், ஆனால் மேற்பரப்பில் விழுந்த மெல்லிய கோடுகளுக்கு மட்டும். வெயிலிலோ வெந்நீரிலோ அவை மறையும். முள் அறுத்த இடம் ஆறாது, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். பெயிண்டுக்குப் பதிலாக ஃபிலிம் அறுபட்டது, அதற்குத்தானே ஒட்டினோம்.

முழு வண்டிக்கும் ஒட்டக் காசு இல்லையென்றால் கூரையையும் பின்கதவையும் விட்டுவிடுங்கள். செடி உரசும் உயரம் சைடு படிக்கு மேலிருந்து ஜன்னல் அடிவரை. இரண்டு ஃபெண்டர், கதவுகள், பின் குவார்ட்டர் பேனல், முன் கண்ணாடித் தூண்கள், சைடு மிரர் முதுகு, கைப்பிடிக் குழி ஆகியவற்றுக்கு முதலிடம். தொப்பூர்க் கணவாய் வழியாக லாரிகளுக்குப் பின்னால் அடிக்கடி ஓடுபவர் பானட் முன்விளிம்பையும் சேர்த்துக்கொள்ளட்டும். அங்கே முள் இல்லை, கல் தெறிக்கும்.

ஒட்டுவதற்கு முன் பழைய வட்டக்கோடுகளைப் பாலிஷ் செய்து எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அவை ஃபிலிமுக்கு அடியில் அப்படியே இருக்கும். விளிம்பைத் தகட்டின் உள்பக்கம் மடித்து ஒட்டச் சொல்லுங்கள். வெட்டி நிறுத்திய விளிம்பில் செம்மண் படிந்து கறுப்புக் கோடாகும், பிரஷர் வாஷ் அங்கேதான் தூக்கும். ஒட்டிய ஒரு வாரம் கழுவ வேண்டாம். டிங்கரிங் செய்து மறுபடி பெயிண்ட் அடித்த பகுதி என்றால் குறைந்தது ஒரு மாதம் ஆறவிடுங்கள். அடிவேலை சரியில்லாத பெயிண்டாக இருந்தால் ஃபிலிமை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வரும்.

இனித் துணி. கிருஷ்ணகிரி, பர்கூர் சாலைகளில் கிரானைட் லாரியும் எம்-சாண்ட் லாரியும் ஓயாது ஓடுகின்றன. அந்தத் தூசியில் இருப்பது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கனிமங்களின் கெட்டித்தன்மையை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, கத்தி எஃகைவிடக் கெட்டி. ஆற்று மணல் உருண்டு தேய்ந்தது. கல்லை உடைத்து எடுத்த எம்-சாண்ட் துகளுக்குக் கூர்முனை உண்டு. காலையில் வண்டி எடுக்கும் முன் காய்ந்த துணியால் பானட்டை ஒரு இழு இழுப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். தூசியோடு ஓட்டுங்கள், கெட்டுப்போகாது. காய்ந்த துணி மட்டும் வேண்டாம்.

கழுவும்போது நிழலில் நிறுத்தித் தகடு ஆறட்டும். சக்கர வளைவுச் சேற்றை முதலில் அடித்து வெளியேற்றுங்கள். பிரஷர் துப்பாக்கியை முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து மேலிருந்து கீழாகத் தூசியை இறக்குங்கள். ஷாம்பு நுரை போட்டு ஐந்து நிமிடம் ஊறட்டும், உலரவிடாமல் அலசுங்கள். அதன் பிறகுதான் கை படலாம். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பேனலுக்குப் பின்னும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்பில் தோய்க்க வேண்டும். படிக்குக் கீழே வேறு கையுறை. வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுங்கள். வாட்டர் வாஷ் கடையில் விட்டால் தண்ணீரும் நுரையும் மட்டும் போதும், துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலையிலிருந்து எத்தனை வண்டி துடைத்த துணியோ அது. அடிப்பாகத்துக்கு டீசல் அடிப்பதையும் தவிருங்கள், ரப்பர் புஷ்களுக்கும் ஃபிலிம் விளிம்பின் பசைக்கும் ஆகாது.

நம் போர்த் தண்ணீர் உப்பு நிறைந்தது. வெயிலில் உலர்ந்தால் வெள்ளை வட்டம் படியும். வீட்டு ஆர்.ஓ. கழிவு நீரை வண்டிக்கு ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றும், அதில்தான் உப்பு இன்னும் அதிகம். கடைசி அலசலுக்கு மழைநீர் ஐந்து லிட்டரைக் கைத்தெளிப்பானில் வைத்துக்கொண்டால் போதும். படிந்த வட்டத்துக்கு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து ஒரு நிமிடம் வைத்து நன்றாகக் கழுவுங்கள். சுரண்ட வேண்டாம். மாந்தோப்பில் பூக்கும் பருவத்தில் நிறுத்தினால் தத்துப்பூச்சியின் பிசுபிசுப்பு சொட்டும், அதையும் நீர் ஊற்றி ஊறவைத்தே எடுக்க வேண்டும்.

கீறல் விழுந்துவிட்டால் அதன் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் மறைந்தால் கிளியர் கோட்டில் மட்டும் உள்ளது, சுழன்றுகொண்டே அசையும் டூயல் ஆக்ஷன் மெஷினில் பாலிஷ் போதும். விரல் நகம் மாட்டினால் பாலிஷால் எடுக்க முயலாதீர்கள், சுற்றியுள்ள கிளியர் கோட் வீணாகும். வெள்ளையாகவோ தகடாகவோ தெரிந்தால் அந்த வாரமே டச்-அப் செய்யுங்கள். நிறத்தின் குறியீட்டு எண் வண்டியின் தகவல் தகட்டில் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துரு இருந்தால் சுரண்டிப் பிரைமர் வைத்து, மெல்லிய தூரிகையால் பள்ளத்துக்குள் மட்டும் இரண்டு மூன்று தடவை நிறம் வையுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. மேலே கிளியர் வைத்து ஒரு நாள் விட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மேடான இடத்தை மட்டும் சமன் செய்து பாலிஷ் போடுங்கள். அந்த இடத்தில் ஒரு மாதம் மெழுகு, செராமிக், ஃபிலிம் எதுவும் வேண்டாம்.