செல்ஃப் எடுக்காத பழைய வண்டி: நாட்குறிப்பு

ஜூன் 2

பழைய வண்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 150 சிசி, கார்புரேட்டர். கிக்கரும் உண்டு, செல்ஃபும் உண்டு. கிக்கரை உதைத்தால் உடனே எடுத்துவிடுகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் சீட்டுக்கு அடியிலிருந்து டகடகடக என்று சத்தம் வருகிறது, என்ஜின் அசைவதில்லை. "பேட்டரி வீக்கா இருக்கு, மாத்திட்டா சரியாயிடும்" என்று விற்றவர் முன்பே சொல்லிவிட்டார். இந்தச் சத்தத்தைக் கேட்டால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் ரிலே (பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டாருக்கு கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) ஒட்டிய அடுத்த நொடியே வோல்டேஜ் சரியும், ரிலே விட்டுவிடும், வோல்டேஜ் ஏறியதும் மறுபடி ஒட்டும். டகடக சத்தம் அப்படித்தான் பிறக்கிறது.

கிக்கரில் இவ்வளவு சுலபமாக எடுப்பதால் பெட்ரோல், பிளக், இக்னிஷன் காயில் எதையும் தொட வேண்டியதில்லை. கோளாறு பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

ஜூன் 4

பேட்டரியை இரவு முழுக்க சார்ஜரில் போட்டு, கழற்றி, சில மணி நேரம் சும்மா வைத்தேன். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் அளந்தால் மல்டிமீட்டர் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், அதை நம்பக் கூடாது. ஆறிய பிறகு 12.6 வோல்ட். லெட் ஆசிட் பேட்டரிக்கு அது நிறைவான கணக்கு. 12.4 என்றால் முக்கால்வாசி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

ஆனால் ஓய்வில் இருக்கும் பேட்டரியின் வோல்டேஜ் அரைச் செய்திதான். பாரம் ஏறும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தாக வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரி டெர்மினல்களில் வைத்துக்கொண்டு தம்பியை செல்ஃப் அழுத்தச் சொன்னேன். டகடக சத்தத்துக்கு நடுவே மீட்டர் 12.3, 12.5 என்று ஆடியதே தவிர இறங்கவில்லை. பேட்டரி செத்திருந்தால் 9-க்கும் கீழே விழுந்திருக்கும். நல்ல பேட்டரிகூட என்ஜினைச் சுழற்றும்போது 10, 11 வரை வரும். இது அசையவே இல்லை என்றால் அதனிடம் யாரும் கரண்ட் கேட்கவே இல்லை என்று அர்த்தம். இந்த வண்டியில் ஹெட்லைட் என்ஜின் ஓடினால்தான் எரியும், அதனால் பிரேக்கை மிதித்து பின் விளக்கைப் பார்த்தேன். துளியும் மங்கவில்லை.

புது பேட்டரி வாங்கும் யோசனை இத்தோடு முடிந்தது.

ஜூன் 5

இன்று விசித்திரமான ஒன்று. நியூட்ரலில் கிளட்சை விட்டுவிட்டு அழுத்தினால் டகடகடக. கிளட்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் ஒரே ஒரு டக், அப்புறம் அமைதி. அதே பேட்டரி, அதே ரிலே. சத்தம் மட்டும் ஏன் மாற வேண்டும்?

தம்பிதான் இன்னொன்றைக் கவனித்தான். "அண்ணா, பட்டனை அமுக்கும்போது நியூட்ரல் லைட் அணைஞ்சு போகுது, பாரு." பார்த்தேன். பச்சை விளக்கு சுத்தமாக அணைகிறது. பின் விளக்கோ அசராமல் எரிகிறது. இரண்டும் ஒரே பேட்டரியில் இருந்து வருபவை.

ஜூன் 8

நேற்று வயரிங் படத்தை விரித்து வைத்து உட்கார்ந்ததில் மூன்று அறிகுறிகளும் ஒன்றாகச் சேர்ந்தன.

நியூட்ரல் விளக்குக்கு பிளஸ் சாவி வழியாக வருகிறது. அதன் மைனஸ் கியர்பாக்ஸில் இருக்கும் நியூட்ரல் ஸ்விட்ச் வழியாக என்ஜின் உடம்புக்குப் போகிறது. பின் விளக்கின் மைனஸ் என்ஜினைத் தொடுவதில்லை, வயரிங்கிலேயே திரும்பிவிடுகிறது. ஸ்டார்ட்டர் ரிலேயை ஒட்ட வைக்கும் காயிலின் மைனஸுக்கு இரண்டு வழி: கிளட்ச் பிடிக்காதபோது அதுவும் நியூட்ரல் ஸ்விட்ச் வழியாக என்ஜினுக்கு, பிடித்திருந்தால் கிளட்ச் ஸ்விட்ச் வழியாக வயரிங்குக்கு.

இப்போது என்ஜினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் உள்ள எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, கெட்டிருந்தால்? செல்ஃப் மோட்டாருக்கு பிளஸ் போய்ச் சேரும், திரும்பி வர வழி இருக்காது. என்ஜின் உடம்பு முழுவதுமே கிட்டத்தட்ட பிளஸ் ஆகிவிடும். நியூட்ரல் விளக்கின் இரு பக்கமும் ஒரே வோல்டேஜ், விளக்கு அணையும். ரிலே காயிலுக்கும் அதே கதி, விட்டுவிடும். விட்டதும் என்ஜின் பழைய நிலைக்கு வரும், ரிலே மறுபடி ஒட்டும். கிளட்ச் பிடித்தால் காயில் வேறு வழியில் எர்த் ஆவதால் ஒட்டியது ஒட்டியபடி நிற்கும், ஒரே டக். பேட்டரி வீக் என்று எல்லாரையும் நம்ப வைத்த அதே சத்தம், பேட்டரிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து.

சரி, இது தாளில். மீட்டர் என்ன சொல்கிறது? ஒரு முனை பேட்டரி மைனஸ் டெர்மினலில், இன்னொன்று என்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில். கிளட்ச் பிடித்து அழுத்தியபோது 11.4 வோல்ட். இருக்க வேண்டியது 0.2-க்குள்.

உறுதி செய்ய ஒரு ஜம்பர் வயரை பேட்டரி மைனஸிலிருந்து நேராக என்ஜின் உடம்பில் கவ்வ வைத்தேன். பட்டனைத் தொட்டதும் சுழன்று எடுத்துவிட்டது.

கிளட்ச் கேபிளின் மேலுறை ஓர் இடத்தில் உருகிச் சுருங்கியிருந்ததன் காரணமும் இப்போதுதான் விளங்கியது. எர்த் வயர் கைவிட்டதும் கரண்ட் கிடைத்த வழியில் திரும்பியிருக்கிறது. என்ஜினையும் ஹேண்டில்பாரையும் இணைக்கும் இரும்பு கேபிள் அதற்கு வசதி. கையால் தொட்டபடி ஒரு முறை அழுத்தினேன், வெதுவெதுப்பு தெரிந்தது.

ஜூன் 9

எர்த் வயரைத் தேடிப் பிடித்தேன். பேட்டரியிலிருந்து இறங்கி, ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் புகுந்து, என்ஜினின் பின்பக்க போல்ட் ஒன்றில் முடிகிறது. கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸில் ஸ்பேனர் இருக்கும்போது மறுமுனை ஃபிரேமில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

போல்ட்டைக் கழற்றியதும் கதை தெரிந்துவிட்டது. வண்டியை விற்க அழகுபடுத்தியபோது யாரோ என்ஜினுக்கு சில்வர் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இந்த வயரைக் கழற்றி அடித்து, காய்ந்த பிறகு பெயிண்டுக்கு மேலேயே பூட்டியிருக்கிறார்கள். லக் (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) உட்கார்ந்த இடத்தில் வழவழவென்று வெள்ளிப் படலம், போல்ட் மரையில் மட்டும் அங்கங்கே உலோகம். லக்கின் அடிப்பக்கம் பச்சைக் களிம்பு. பிளாஸ்டிக் உறையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் உள்ளே செம்பு இழைகள் கறுத்து, பாதி அறுந்து கிடந்தன.

பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு அலுமினியம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். வயரைச் சுத்தம் செய்வதில் பொருளில்லை. அதே தடிமனில் புதிது, இரு முனையிலும் லக் அழுத்திப் பூட்டியாச்சு. இறுக்கிய பிறகு மேலே லேசாக கிரீஸ், ஈரம் இறங்காமல் இருக்க.

ஜூன் 10

பிளஸ் பக்கத்தையும் இன்று அளந்தேன். முன்பே அளந்திருந்தாலும் பயனில்லை. கரண்டே ஓடாத வயரில் வோல்டேஜ் இழப்பு தெரியாது, எல்லாம் நன்றாக இருப்பது போலக் காட்டும். எர்த் சரியான பிறகு, கிளட்ச் பிடித்து, பிளக் வயரைக் கழற்றி ஒரு பழைய பிளக்கில் மாட்டி அதை என்ஜினில் எர்த் ஆகச் சாய்த்துவிட்டு, என்ஜின் எடுக்காமல் சும்மா சுழல வைத்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மோட்டார் முனை வரை 0.3 வோல்ட் இழப்பு. அரை வோல்ட் வரை பரவாயில்லை. எர்த் பக்கம் 0.1. பேட்டரி 10.7-க்கு இறங்கி அங்கேயே நின்றது. மோட்டாரின் கார்பன் பிரஷைப் பிரித்துப் பார்க்க அவசியமில்லை.

ஜூன் 15

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சில நாள் வண்டியை எடுக்காமல் வைத்திருந்தேன், இன்று காலை மறுபடி டகடக. ஆனால் இந்தத் தடவை பின் விளக்கும் சேர்ந்து மங்குகிறது, ஹாரன் கம்மிய குரலில் முனகுகிறது. இது உண்மையான பேட்டரிப் பசி. ஓய்வில் 11.9.

கிக்கரில் எடுத்து, நடுத்தர வேகத்தில் என்ஜினை ஓடவிட்டு அளந்தால் பேட்டரியில் 14.1. 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் வேலை செய்கின்றன. ஓடும்போது ஏறுவது, நிற்கும்போது எங்கோ வடிகிறது.

ஜூன் 17

சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்தேன். இந்த நிலையில் சாவியைத் திருப்பவோ செல்ஃபைத் தொடவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 38 மில்லி ஆம்பியர். கேட்க அற்பம். ஒரு நாளைக்கு 0.9 ஆம்பியர் மணி ஆகிறது. பேட்டரியோ 5 ஆம்பியர் மணிதான். மூன்றாம் நாளே பாதிக்கு மேல் காலி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எண் மாறவே இல்லை. அப்படியானால் இழுப்பது ஃபியூஸ் பெட்டிக்கு முன்னாலேயே, பேட்டரியில் நேராகத் தொங்குகிறது. பிளஸ் டெர்மினலில் ஒரு மெல்லிய சிவப்பு வயர். பிடித்துக்கொண்டே போனால் பெட்ரோல் டேங்குக்கு அடியில், டேப் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி: திருட்டு அலாரம். ரிமோட் எப்போதோ தொலைந்திருக்கும், சைரனும் இல்லை, வெறும் பெட்டி மட்டும் ராப்பகலாக விழித்திருக்கிறது. கழற்றியதும் மீட்டர் 1 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனது. அலாரத்துக்காக இக்னிஷன் வயரை வெட்டி ஒட்டியிருந்த இடத்தை சால்டர் செய்து உறை போட்டேன். முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பை வண்டி அதிர்வில் நம்ப முடியாது.

ஜூன் 26

ஒரு வாரம் எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். 12.6, தொட்டதும் எடுத்தது. உருகிய கிளட்ச் கேபிளை மாற்றியாகிவிட்டது, கிளட்சும் இப்போது இலகுவாக இருக்கிறது. அடுத்து பின் பிரேக் ஷூவைப் பார்க்க வேண்டும்.