எஸ்ஸென்ஸ் இதழைப் பென்சிலோடு வாசிப்பது

அமெரிக்காவில் எஸ்ஸென்ஸ் போலக் கறுப்பினப் பெண்களுக்கென்று வரும் பத்திரிகைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் "எல்லாம் தலைமுடியும் மேக்கப்பும்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்கும் மகளிர் இதழ்களையும், மார்த்தாண்டம் பக்கம் மலையாள வனிதாவையும் பற்றிச் சொல்வதும் இதையேதான். முடியைப் பற்றி எழுதுவது குறையே இல்லை. எழுதியது யார் காசில், எந்த அளவு உண்மையோடு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முடி அங்கே சின்ன விஷயம் அல்ல. 1786-இல், ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூட வேண்டும் என்று கவர்னர் மிரோ உத்தரவு போட்டார். நம் தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலே துணி போடக் கூடாது என்று தடுத்தார்கள். 1859-இல் அந்தத் தடை நீங்கியபோதும் மேல்சாதிப் பெண்கள் அணியும் மாதிரி மட்டும் கூடாது என்று அரசு ஒரு வாலை ஒட்டவைத்தது. அங்கே மூடு என்றார்கள், இங்கே மூடாதே என்றார்கள். தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணில் இருக்கிற நமக்கு, 1970 மே மாதம் வந்த எஸ்ஸென்ஸ் முதல் இதழின் அட்டையில் ஆஃப்ரோ முடியோடு, அதாவது நீட்டாமல் சுருளாகவே விட்ட முடியோடு, ஒரு பெண் இருந்ததன் கனம் விளங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இயற்கை முடிக்காகப் பள்ளியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் வந்ததே 2019-இல்தான்.

எஸ்ஸென்ஸ் முதலாவது அல்ல. 1891-லேயே கிளீவ்லாந்தில் ஜூலியா ரிங்வுட் காஸ்டன் கறுப்பினப் பெண்களுக்கான ஃபேஷன் இதழ் நடத்தினார். 1945 நவம்பரில் சிகாகோவில் ஜான் எச். ஜான்சன் தொடங்கிய எபனி குடும்பத்துக்கான பத்திரிகை. எஸ்ஸென்ஸை ஆரம்பித்தவர்கள் நான்கு ஆண்கள். முதல் இதழ் சுமார் 50,000 பிரதி. அதற்கு உயிர் கொடுத்தவர்கள் ஆசிரியர்களாக வந்த பெண்கள். எழுபதுகளில் மார்சியா ஆன் கில்லெஸ்பி, 1981 முதல் 2000 வரை சூசன் டெய்லர்.

இனி பக்கக் கணக்கு. அச்சகத்தில் இதழ் பாரம் பாரமாக ஓடும். ஒரு பாரம் (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிப்பது) பொதுவாக 16 பக்கம், சில சமயம் 8. அட்டை தனி. நடுவில் இரண்டு பக்கம் குறைக்க முடியாது, குறைத்தால் ஒரு பாரமே போகும். எட்டுப் பக்க விளம்பரம் வராமல் போனால் விளம்பரம் மட்டும் குறைவதில்லை, அதோடு ஓடியிருக்க வேண்டிய எட்டுப் பக்கக் கட்டுரையும் வெளியே போகும். முதலில் வெட்டுப்படுவது நீளமான, படம் குறைந்த, ஸ்பான்சர் இல்லாத கட்டுரை. கறுப்பின இதழ்களுக்கு இது ஆரம்பத்திலிருந்தே கழுத்தில் கத்தி. பெரிய கம்பெனிகள் "உங்கள் வாசகர்கள் எங்கள் சரக்கு வாங்க மாட்டார்கள்" என்றே நெடுங்காலம் விளம்பரம் தர மறுத்தன. ஆகவே கேட்டு வந்தவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

கேட்டு வந்தவர்களில் சிகரெட்காரர்கள் முக்கியம். அமெரிக்காவில் டிவியில் கடைசி சிகரெட் விளம்பரம் ஓடியது 1971 ஜனவரி 1. அந்தப் பணம் அப்படியே அச்சுக்குத் திரும்பியது. எஸ்ஸென்ஸுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. மெந்தால் சிகரெட் விளம்பரங்கள் எபனி, ஜெட், எஸ்ஸென்ஸ் என்ற மூன்று கறுப்பின இதழ்களிலும் பல ஆண்டு வந்தன. உயிர் பிழைக்க வாங்கிய பணம் என்று ஆசிரியர்கள் சொன்னால் அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதை வாங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் புகையிலையைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினார்கள் என்று கேட்கும் உரிமை வாசகிக்கு உண்டு.

விளம்பரப் பக்கங்களை எண்ணும் முறை எளிது. பென்சில் எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் குறி போடுங்கள். முழுப் பக்க விளம்பரம் 1, அரைப் பக்கம் 0.5, கால் பக்கம் 0.25. அட்டையின் நான்கு பக்கத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். பின்னட்டைதான் பெரும்பாலும் அதிக விலைக்குப் போகும் இடம். விளம்பரம் போலவும் கட்டுரை போலவும் இருக்கும் பக்கங்களில்தான் எல்லோரும் தவறுவார்கள். பொருளின் பெயர், விலை, கடை மூன்றும் இருந்து எழுதியவர் பெயர் இல்லையென்றால் விளம்பரக் கணக்கில் போடுங்கள். பாதிக்கு மேல் விளம்பரம் இருந்தால் உடனே பதற வேண்டாம், அது அங்கே வழக்கமான அளவு. அமெரிக்கத் தபால் துறையே சலுகைக் கட்டணத்துக்கு 75 சதவீதத்தைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. ஓராண்டில் பாதிக்கு மேற்பட்ட இதழ்கள் அதைத் தாண்டக் கூடாது.

விகிதத்தைவிட முக்கியம் எதிர்ப்பக்கம். முடிப் பராமரிப்புக் கட்டுரைக்கு நேர் எதிரே ரிலாக்சர் விளம்பரம் இருந்தால் கட்டுரையை இரண்டு முறை வாசியுங்கள். ரிலாக்சர் என்பது சுருள் முடியை நிரந்தரமாக நீட்டும் காரக் களிம்பு. பழைய வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. நல்ல கட்டுரை என்றால் இவை எல்லாம் இருக்கும்: போடுவதற்கு முந்தின நாள் தலையைச் சொறியவோ குளிப்பாட்டவோ கூடாது, கீறல் இருந்தால் புண்ணாகும், முடியோரத்தில் வாசலின் தடவ வேண்டும், புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும் படவேண்டும், ஏற்கெனவே நீட்டிய முடியில் மறுபடி பட்டால் அந்த இடத்திலேயே ஒடியும், சொன்ன நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கடைசியில் காரத்தை முறிக்கும் ஷாம்பு. "மென்மை, பளபளப்பு, தன்னம்பிக்கை" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதிர்ப்பக்கத்தின் நீட்சி. நம்மூர் பார்லர்களில் செய்யும் கெரட்டின், ஸ்மூத்தனிங் பற்றிய கட்டுரைகளுக்கும் இதே சோதனையை வையுங்கள். சில கரைசல்கள் அயர்ன் சூட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். அதை எழுதும் தமிழ் இதழைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அடுத்தது உடல்நலப் பக்கம். எனக்கு எல்லாவற்றிலும் பெரியது இதுதான். 2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று வந்தது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்தார்கள். முடி நீட்டும் பொருட்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இதை எழுதும்போது இரண்டு விதமாகக் கெடுக்கலாம். "இரண்டு மடங்குக்கு மேல் ஆபத்து" என்று மட்டும் போட்டுப் பயமுறுத்துவது ஒன்று. விளம்பரதாரர் மனம் கோணாமல் "டாக்டரிடம் கேளுங்கள்" என்று முடித்துக்கொள்வது இன்னொன்று. இரண்டு எண்ணையும் போட்டு, இது தொடர்பைத்தான் காட்டுகிறது, இதுதான் காரணம் என்று நிறுவவில்லை என்றும் சொல்வதே நேர்மை. பிரசவ மரணமும் அப்படித்தான். 2023-இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள், வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர். பிரபலத்தின் கர்ப்பகாலப் படங்களுக்கு ஆறு பக்கம் தந்து இந்த எண்ணுக்கு ஒரு பெட்டிச் செய்திகூடத் தராத இதழுக்கு அதன் முன்னுரிமை என்ன என்று வேறு கேள்வி வேண்டாம்.

தோல் நிறம் பற்றிய பக்கத்தில் நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி குறைவு. வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் க்ரீம்களை எங்கள் குமரி மாவட்டத்தில் அறியாத வீடு குறைவு. பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம்களால் சிறுநீரகம் பாதித்ததை 2023-இல் மலப்புறத்தில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். லேபிளில் கலோமெல், மெர்க்குரி என்று எது இருந்தாலும் தொடாதீர்கள். லேபிளே இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

உரிமையாளர் பெயரையும் பாருங்கள். டைம் நிறுவனம் 2000-இல் எஸ்ஸென்ஸின் 49 சதவீதத்தையும், 2005-இல் மீதியையும் வாங்கியது. 2018 ஜனவரியில் லைபீரியாவில் பிறந்த ரிச்சலூ டென்னிஸ் அதை மீட்டு, மறுபடி கறுப்பின உரிமைக்குக் கொண்டுவந்தார். அது நல்ல செய்தி. அவர் வந்தது முடி, தோல் பொருட்கள் தயாரிக்கும் தொழிலிலிருந்து. அந்த சன்டியல் நிறுவனத்தை அதற்குச் சற்று முன்புதான் யூனிலீவருக்கு விற்றிருந்தார். நம்மூர் ஃபேர் அண்ட் லவ்லியை 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றியதும் யூனிலீவரின் இந்தியக் கிளைதான். சொந்த இனத்தவர் கைக்கு வந்துவிட்டதால் பென்சிலை கீழே வைத்துவிட முடியாது.

ஒரே இதழை எண்ணித் தீர்ப்பு சொல்லாதீர்கள். செப்டம்பர் ஃபேஷன் மாதம், விளம்பரம் பொங்கும். பிப்ரவரி அங்கே கறுப்பின வரலாற்று மாதம், அரசியல் கட்டுரை கூடும். இவற்றோடு சாதாரண மாதம் ஒன்றையும் சேர்த்து மூன்றாகப் பாருங்கள். பழைய எஸ்ஸென்ஸ் இங்கே கிடைப்பது கடினம். எபனியின் 1959 முதல் 2008 வரையிலான இதழ்கள் கூகுள் புக்ஸில் இலவசமாக இருக்கின்றன. பழகிக்கொள்ள அது போதும். 1962 இதழ் ஒன்றையும் 1972 இதழ் ஒன்றையும் எடுத்து அழகுப்பொருள் விளம்பரங்களை மட்டும் எண்ணுங்கள்: முன்னதில் நாடினோலா போன்ற வெளுப்பு க்ரீம்களைத் தேடுங்கள், பின்னதில் ஆஃப்ரோ முடிக்கான ஆஃப்ரோ ஷீனை. ஆஃப்ரோ ஷீன் தயாரித்த ஜார்ஜ் ஜான்சன் வேறு, எபனி ஜான்சன் வேறு; இருவரும் சிகாகோ என்பதால் பலரும் குழப்பிக்கொள்வார்கள்.