வெப் ஃபில்டரை எடுத்தாச்சு, நெட்டும் போச்சு

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று வீட்டுக் கணினியில் இருந்த வெப் ஃபில்டரை (வேண்டாத தளங்களைத் தடுக்கும் மென்பொருள்) அன்இன்ஸ்டால் செய்தாளாம் தங்கச்சி, அதோடு எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்று போன். வைரஸ் எல்லாம் இல்லை. இந்த மென்பொருள்களில் சில பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே ப்ராக்ஸியாக, அதாவது இடைத்தரகராக, உட்கார்ந்துதான் வடிகட்டுகின்றன, ஆள் போன பிறகும் செட்டிங் அப்படியே நிற்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ராக்ஸி பகுதியில் 127.0.0.1 (இதே கணினியைக் குறிக்கும் முகவரி) என்று இருந்தால் ஆஃப் செய்யுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெட் வந்தும் சில தளங்கள் மட்டும் மறுத்தால் டிஎன்எஸ் முகவரியைப் பாருங்கள் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைதான் டிஎன்எஸ்). 208.67.222.123 என்றால் ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்ட், 1.1.1.3 என்றால் கிளவுட்ஃப்ளேரின் குடும்ப வடிகட்டி, இரண்டுமே சில தளங்களைத் தடுப்பவை. இதை ரவுட்டரில் போட்டிருந்தால் கணினி செட்டிங்கில் தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காமல் போகலாம், ரவுட்டரிலேயே பாருங்கள்!

அப்புறம் யாரும் கவனிக்காத ஒன்று, ரூட் சான்றிதழ் (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினி முடிவு செய்ய உதவும் டிஜிட்டல் சான்று). எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த) பக்கங்களுக்குள் எட்டிப்பார்க்கச் சில ஃபில்டர்கள் தங்கள் சான்றிதழைக் கணினியில் ஏற்றிவிடும். 2015-ல் லெனோவோ லேப்டாப்களில் வந்த சூப்பர்ஃபிஷ் (அது விளம்பர மென்பொருள்தான், வேலை இதே பாணி) விவகாரத்தில் மென்பொருளை நீக்கியும் சான்றிதழ் போகவில்லை, தனியாகத்தான் நீக்க வேண்டியிருந்தது. கணினியின் சான்றிதழ் பட்டியலில் ஃபில்டர் பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

ஃபில்டரை நீக்கக் கேட்கும் பாஸ்வேர்டை மறந்தவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்திடமே கேளுங்கள், கண்ட இடத்தில் கிடைக்கும் ரிமூவரை இறக்காதீர்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் என்னிடம் கேட்கவே வேண்டாம் 😄